டெலீட் ஆன கோப்பு திரும்பக் கிடைக்குமா? வீட்டுக் கணினியில் மீட்பின் எல்லைகள்

வீட்டுக் கணினியில் தவறுதலாக அழிந்துபோன கோப்பைத் திரும்பப் பெற முடியுமா? இந்தக் கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. “டெலீட் செய்த எதுவும் உண்மையில் அழிவதில்லை, நல்ல சாஃப்ட்வேர் கிடைத்தால் எடுத்துவிடலாம்” என்பார் ஒருவர். “ரீசைக்கிள் பின்னிலும் இல்லையா? அப்படியானால் போனது போனதுதான்” என்பார் இன்னொருவர். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் சொல்வது ஹார்டு டிஸ்க் காலத்து அனுபவம். இரண்டாமவர் பெரும்பாலும் எஸ்எஸ்டி பொருத்திய மடிக்கணினியோடு மல்லுக்கட்டியவர்.

இழப்பு என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், சமர்ப்பிக்க வேண்டிய ஆய்வேட்டின் கடைசி இயல், தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்த குடும்ப வரலாறு, ஐந்தாண்டு வரவு செலவுக் கணக்கு. கடையில் காசு கொடுத்து இவற்றை மறுபடி வாங்க முடியாது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு வதந்தியாலோ விளம்பரத்தாலோ பதில் சொல்லக் கூடாது.

அழித்தல் என்ற செயலின் உள்ளே நடப்பது என்ன, மீட்பு முறைகள் எப்படி வளர்ந்தன, எந்தக் கருவியில் எவ்வளவு நம்பலாம், பதற்றத்தில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. நான் வந்து சேரும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அழிந்த கோப்பை டிஸ்க்கின் அடியிலிருந்து தோண்டி எடுக்கும் காலம் வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை வேகமாக முடிந்துகொண்டிருக்கிறது. இன்று மீட்பு என்பது முதன்மையாக நகலைத் தேடும் வேலை.

அழிக்கும்போது நடப்பது என்ன?

ஒரு கோப்பு சேமிப்புக் கருவியில் இரண்டு இடங்களில் பதிவாகிறது. உள்ளடக்கம் ஓரிடத்தில் இருக்கும். அதன் பெயர், அளவு, எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற விவரம் எல்லாம் வேறோரிடத்தில், ஒரு பட்டியலில் இருக்கும். டெலீட் கட்டளை வந்ததும் இயங்குதளம் பட்டியலை மட்டுமே தொடுகிறது. பத்திரப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை அடித்துவிட்டாலும் மனையில் வீடு நின்றுகொண்டுதான் இருக்கும். மனை வேறொருவருக்குப் போய், அவர் கட்டத் தொடங்கும்போதுதான் பழைய வீடு இடியும். கோப்பின் கதையும் அதுதான்.

கேமராவின் மெமரி கார்டு ஒன்றில் இதை நெருக்கமாகப் பார்க்கலாம். கார்டு ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்தது. அதில் ‘ஐஎம்ஜி_0412’ என்ற படம் இருக்கிறது. படம் 3 எம்பி, கார்டின் ஒவ்வொரு கட்டமும் 32 கேபி என்றால் படம் 96 கட்டங்களை நிரப்பியிருக்கும். பட்டியலில் அதற்குரிய பதிவு வெறும் 32 பைட்தான். பெயர், தேதி, தொடக்கக் கட்டத்தின் எண், மொத்த அளவு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். முதல் கட்டத்துக்கு அடுத்தது எது, அதற்கு அடுத்தது எது என்ற தொடர்ச்சி ஃபேட் எனப்படும் தனி அட்டவணையில் இருக்கும்.

படத்தை அழித்ததும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பெயரின் முதல் எழுத்தான ‘ஐ’ இருந்த பைட்டில் ‘ஈ5’ என்ற குறி எழுதப்படுகிறது. அட்டவணையில் அந்த 96 கட்டங்களுக்கும் நேரே சுழி விழுகிறது. படத்தின் 3 எம்பியில் ஒரு பைட் கூட மாறுவதில்லை. மீட்க வரும் நிரலுக்குப் படம் தொடங்கும் இடமும் தெரியும், நீளமும் தெரியும். இடையிலுள்ள வழிதான் தெரியாது. 96 கட்டங்களும் அடுத்தடுத்து இருந்தால் நேராகப் படித்துக்கொண்டே போய்ப் படத்தை முழுசாக எடுத்துவிடலாம். காலியான கார்டில் வரிசையாக எடுத்த படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கேமரா கார்டில் மீட்பு நன்றாக நடப்பதற்கு இதுவே காரணம். நிறைந்த கார்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்து, கிடைத்த இடைவெளிகளில் எழுதிய படம் என்றால் பாதி முகமும் பாதி வேறொரு படமுமாக வந்து நிற்கும்.

1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்து, இன்றும் விண்டோஸ் கணினிகளில் வழங்கும் என்டிஎஃப்எஸ் முறை இந்த வகையில் மேலானது. ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மை அட்டவணையில் வழக்கமாக 1,024 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. கோப்பு சிதறிக் கிடந்தாலும் எந்தெந்தத் துண்டு எங்கே என்ற வரைபடம் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கும். அழிக்கும்போது ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற அடையாளம் நீங்குகிறதே தவிர, பெயரும் வரைபடமும் அப்படியே கிடக்கும். ஆனால் அட்டவணையில் காலியான பதிவை அடுத்து வரும் புதிய கோப்பு எடுத்துக்கொள்ளும். ஒன்றும் செய்யாமல் திறந்து வைத்திருக்கும் கணினியில் கூடப் புதிய கோப்புகள் பிறந்துகொண்டே இருக்கும். பிரவுசர் தன் தற்காலிகக் கோப்புகளை எழுதும். விண்டோஸ் அப்டேட் இறங்கும். ஆன்டிவைரஸ் தன் பதிவேட்டைப் புதுப்பிக்கும். அழித்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் கணினி சும்மா இருப்பதில்லை.

லினக்ஸின் நிலை வேறு. பழைய எக்ஸ்ட்2 முறையில் மீட்பு ஓரளவு எளிது. அதன் பின் வந்த எக்ஸ்ட்3, அழிக்கும்போதே கட்ட எண்களைச் சுழியாக்கிவிடும். அங்கே ஜர்னல் எனப்படும் மாற்றக் குறிப்பேட்டில் பழைய விவரம் எஞ்சியிருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

நாற்பது ஆண்டுக் கதை

வீட்டுக் கணினியில் மீட்பு என்ற துறையைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தவர் பீட்டர் நார்ட்டன். தன் கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்ட அவர், மறுபடி தட்டச்சு செய்வதற்குப் பதிலாக டிஸ்கிலிருந்து அதை எடுக்க ஒரு நிரல் எழுதினார். 1982-இல் வெளிவந்த நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பில் அன்இரேஸ் என்ற பெயரில் அது இடம்பெற்றது. 1991-இல் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-டாஸ் 5.0-இல் அன்டெலீட் என்ற கட்டளையையே சேர்த்துவிட்டது. சென்ட்ரல் பாயின்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் சேர்த்தது அது. ஒவ்வொரு கோப்பையும் மீட்பதற்கு முன்னால் “முதல் எழுத்து என்ன?” என்று அந்தக் கட்டளை கேட்கும். மேலே பார்த்த ‘ஈ5’ குறி விழுங்கிய எழுத்தைத்தான் அது பயனரிடம் கேட்டது.

1995-இல் ரீசைக்கிள் பின் வந்தது. அழித்தலுக்கு முன் ஒரு காத்திருப்பு அறை போல் அது அமைந்தது. இன்றைக்கும் வீடுகளில் நேரும் இழப்புகளை முதலில் தாங்குவது அதுதான். விண்டோஸ் விஸ்டா முதல் அதன் உள்ளமைப்பில், அழித்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோப்புகள் உண்டு: ஒன்று உண்மையான உள்ளடக்கம், மற்றொன்று எந்த ஃபோல்டரிலிருந்து எப்போது வந்தது என்ற குறிப்பு. ‘ரெஸ்டோர்’ அழுத்தியதும் பழைய இடத்துக்கே கோப்பு போய்ச் சேருவது இந்தக் குறிப்பால்தான்.

ஆனால் எல்லா அழித்தலும் அந்த வழியாகப் போவதில்லை. ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தினால் போகாது. பென் டிரைவிலிருந்து அழித்தால் பொதுவாகப் போகாது. நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து அழித்தாலும், கட்டளைச் சாளரத்திலிருந்து அழித்தாலும் போகாது. ரீசைக்கிள் பின்னுக்கு ஒதுக்கிய அளவைவிடக் கோப்பு பெரியதாக இருந்தால் நேரடியாக அழித்துவிடவா என்று விண்டோஸ் கேட்கும். அவசரத்தில் நாம் ‘எஸ்’ என்று அழுத்தும் பல கேள்விகளில் அதுவும் ஒன்று. பென் டிரைவே தங்கள் அலமாரி என்று வைத்திருக்கும் மாணவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பல இரவுகளின் உழைப்பு தப்பும்.

பட்டியலே இல்லாதபோது

பட்டியல் பதிவும் போய்விட்டால் அடுத்த வழி, டிஸ்கை முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை படித்து, கோப்புகளின் தொடக்க அடையாளத்தைத் தேடுவது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு தொடக்க முத்திரை உண்டு. ஜேபெக் படம் ‘எஃப்எஃப் டி8’ என்ற பைட்டுகளில் தொடங்கி ‘எஃப்எஃப் டி9’-இல் முடியும். பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியோடு தன் பெயரையே சொல்லிக்கொண்டு தொடங்கும். இன்றைய வேர்டு ஆவணம் உள்ளுக்குள் ஒரு சிப் தொகுப்பு. அதன் முதல் இரண்டு எழுத்துகள் ‘பிகே’, அதாவது அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள்.

அமெரிக்க விமானப் படையின் சிறப்புப் புலனாய்வு அலுவலகத்தில் உருவான ஃபோர்மோஸ்ட், பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரனியே எழுதிய ஃபோட்டோரெக் ஆகியவை இந்த முறையில் வேலை செய்யும் இலவச நிரல்கள். ஃபோட்டோரெக் பெயருக்குப் படம் மீட்பது என்றாலும் நூற்றுக்கணக்கான கோப்பு வகைகளை அறியும். அது தரும் விளைவைப் பார்த்துப் பலர் திகைத்துப்போவார்கள். பெயரும் ஃபோல்டரும் பட்டியலோடு போய்விட்டதால், ஆயிரக்கணக்கான கோப்புகள் ‘எஃப்’ என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே பெயராக வந்து குவியும். அக்கா கல்யாணப் படமும், ஏதோ வலைத்தளத்தில் என்றோ பார்த்த விளம்பரப் படமும் ஒரே குவியலில் கிடக்கும். உட்கார்ந்து பிரிப்பது அதன் பிறகு நம் வேலை.

இந்த முறையின் எல்லை சிதறல். சிம்சன் கார்ஃபிங்கல் 350-க்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவாகச் சிதறல் குறைவு என்றாலும் நமக்கு முக்கியமான கோப்புகளில் அது அதிகம் என்று காட்டினார். ஜேபெக் படங்களில் 16 சதவீதம், வேர்டு ஆவணங்களில் 17 சதவீதம், அவுட்லுக் அஞ்சல் கோப்புகளில் 58 சதவீதம் துண்டுபட்டிருந்தன. அடிக்கடி திறந்து, சேர்த்து, சேமிக்கும் கோப்புகள்தாம் சிதறுகின்றன. நாம் அதிகம் உழைத்த கோப்பே மீட்கக் கடினமானது என்பது இதன் பொருள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு செய்தி இருக்கிறது. நோட்பேடில் எழுதிய வெறும் உரைக்கோப்புக்குப் பொதுவாகத் தொடக்க முத்திரை கிடையாது. அதனால் முத்திரை தேடும் நிரல்கள் அதைத் தவறவிடுவதுண்டு. ஆனால் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த தமிழ் உரையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அவற்றில் முதல் இரண்டும் எப்போதும் ‘ஈ0 ஏஈ’ அல்லது ‘ஈ0 ஏஎஃப்’. ஆங்கிலமே நிறைந்த ஒரு டிஸ்கின் முழு நகலில் இந்த இணைகள் அடர்த்தியாகத் திரும்பத் திரும்ப வரும் இடம் தமிழ் உரை கிடக்கும் இடம். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் பழகிய ஒருவரால் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, உரையை வெட்டி எடுத்து ஒட்டிவிட முடியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய உரைக்கு இந்த வசதி கிடையாது. அதில் ‘அம்மா’ என்ற சொல் டிஸ்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கும். மற்ற ஆங்கில எழுத்துகளிலிருந்து நிரலால் அதை எளிதில் பிரித்தறிய முடியாது. தேடுபவர் தம் கட்டுரையில் வந்த ஒரு சொல்லை அதே குறிகளாக மாற்றித் தேட வேண்டும். டாக்ஸ் வடிவ வேர்டு ஆவணம் என்றால் யூனிகோடாகவே இருந்தாலும் உரை சுருக்கப்பட்டு உள்ளே இருப்பதால் இப்படித் தேடிக் காண முடியாது. வீட்டில் பாமினி எழுத்துருவிலோ டிஸ்கி என்ற பழைய குறியேற்றத்திலோ கோப்புகள் வைத்திருப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றி வைப்பது வாசிக்க மட்டுமல்ல, மீட்கவும் உதவும்.

எஸ்எஸ்டி மாற்றிய கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது: அழித்த உள்ளடக்கம், வேறொன்று அதன் மேல் எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். காந்தத் தட்டு சுழலும் ஹார்டு டிஸ்கில் பொதுவாக இது உண்மை. எஸ்எஸ்டியில் இந்த அனுமானம் உடைகிறது.

எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதன் மேல் நேராகப் புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை முழுவதுமாகத் துடைக்க வேண்டும். பிறகுதான் எழுத வேண்டும். துடைக்கும் வேலை மெதுவானது என்பதால் எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு ஓய்வு நேரத்தில் அதை முன்கூட்டியே செய்து வைக்கப் பார்க்கும். எந்தக் கட்டங்கள் இனி வேண்டாம் என்று அதற்கு எப்படித் தெரியும்? இயங்குதளம் சொல்ல வேண்டும். அந்தச் செய்திதான் டிரிம் கட்டளை. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது வழக்கத்தில் இருக்கிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த உடனே ‘இந்தக் கட்டங்கள் இனித் தேவையில்லை’ என்ற செய்தி எஸ்எஸ்டிக்குப் போய்விடும்.

அதன் பிறகு மீட்பு நிரலை ஓட்டினால் விசித்திரமான ஒரு காட்சியைக் காணலாம். நிரல் கோப்பைக் கண்டுபிடித்துவிடும். பெயர் சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், அளவு கூட பைட் மாறாமல் சரியாக இருக்கும். ‘நிலை: மிகச் சிறப்பு’ என்று பச்சைப் புள்ளியே கூடக் காட்டலாம். மீட்டுத் திறந்தால் படம் திறக்காது. ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் முதலிலிருந்து கடைசி வரை சுழி, சுழி, சுழி. பட்டியல் பதிவு பிழைத்திருக்கிறது. உள்ளடக்கத்தைக் கேட்டால் எஸ்எஸ்டி வெற்றுச் சுழிகளைத் தருகிறது. சில்லின் உள்ளே பழைய தரவு இன்னும் சற்று நேரம் உயிரோடு இருக்கலாம். ஆனால் வழக்கமான இணைப்பு வழியாக அதைப் படிக்க வீட்டுக்காரருக்கு வழி இல்லை.

ஆஸ்திரேலியாவின் முர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்ட் பாடிங்டன் இருவரும் 2010-இலேயே இதை எச்சரித்தார்கள். குவிக் ஃபார்மட் செய்த எஸ்எஸ்டி ஒன்று, வெளியிலிருந்து எதுவும் எழுத முடியாதபடி தடுத்து வைத்திருந்தபோதும் சில நிமிடங்களில் தன் உள்ளடக்கத்தைத் தானே துடைக்கத் தொடங்கியதை அவர்கள் சோதனையில் பதிவு செய்தார்கள். குற்றப் புலனாய்வாளர்களுக்காக எழுதிய ஆய்வு அது. அதன் விளைவு இன்று எஸ்எஸ்டி பொருத்திய மடிக்கணினிகளில் உட்கார்ந்திருக்கிறது.

இதோடு மறையாக்கமும் சேர்ந்துகொண்டது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. அத்தகைய டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் ஒன்றும் தெரியாது. அந்தச் சாவி பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் ஏற்பாடு இது என்பதால் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீட்புக்கான பழைய கதவு ஒன்று இதனால் மூடியது என்பது உண்மை.

ஆகக் கருவி வாரியாகச் சொன்னால் நிலைமை இதுதான். கேமரா கார்டும் சாதாரணப் பென் டிரைவும் நல்ல வாய்ப்பு தருபவை, ஏனெனில் வீட்டுப் பயன்பாட்டில் அவற்றுக்குப் பொதுவாக டிரிம் செய்தி போவதில்லை. ஹார்டு டிஸ்கில் உடனே நிறுத்தினால் நல்ல வாய்ப்பு, நாள் கடந்தால் சுமாரான வாய்ப்பு. கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் ரீசைக்கிள் பின்னும் காலியாகிவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு.

நகல் எங்கே ஒளிந்திருக்கிறது?

டிஸ்கின் கதவு மூடும்போதே வேறு பல கதவுகள் திறந்திருக்கின்றன. பதற்றத்தில் அவற்றைத் தட்டிப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குத் தனித்தனிக் குப்பைத் தொட்டி உண்டு. தனிநபர் கணக்குகளில் இரண்டுமே அழித்ததை 30 நாள் வைத்திருக்கும். கூகுள் ஃபோட்டோஸ், பேக்கப் ஆன படங்களை 60 நாள் வைத்திருக்கும். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவோடு இணைந்திருப்பதே தெரியாமல் பலர் கணினி பயன்படுத்துகிறார்கள். அவர்கள் போய்விட்டது என்று நினைத்த கோப்பு அங்கே காத்திருக்கக் கூடும். இணைப்பின் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒத்திசைவு என்பது காப்பு நகல் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அந்த 30 நாள் கழிந்தால் இரண்டும் போகும்.

விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி, முந்தைய பதிப்புகள் என்ற வசதி, மேக்கின் டைம் மெஷின் ஆகியவை முன்பே இயக்கி வைத்திருந்தால் கை கொடுக்கும். வேர்டு போன்ற நிரல்கள் சேமிக்காத ஆவணத்தின் தானியங்கி நகலைத் தனி ஃபோல்டரில் வைக்கும். ‘சேமிக்காத ஆவணங்களை மீட்டெடு’ என்ற வசதி அதைத் திறக்கும்.

பிறகு மனிதர்களிடம் இருக்கும் நகல்கள். ஆய்வேட்டை நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் ‘சென்ட்’ பகுதி. வாட்ஸ்அப்பில் தங்கைக்கு ஆவணமாக அனுப்பிய பிடிஎஃப். அச்சடிக்கக் கொடுத்த டிடிபி சென்டரின் கணினி. திருமண ஆல்பம் செய்த ஸ்டுடியோவின் ஹார்டு டிஸ்க். அலமாரியில் கிடக்கும் பழைய போன். இவற்றைத் தேடுவதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை, நிதானம் போதும்.

உலகப் புகழ்பெற்ற திரைப்பட நிறுவனம் ஒன்றைக் காப்பாற்றியதும் இப்படிப்பட்ட ஒரு வீட்டு நகல்தான். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளை ஒரு தவறான அழிப்புக் கட்டளை துடைத்துக்கொண்டே போனது. நிறுவனத்தின் காப்பு நகல்களை எடுத்துப் பார்த்தபோது அவை சரியாக வேலை செய்யவில்லை. படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் கேலின் சுஸ்மன் அப்போது கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே பணியாற்றிக்கொண்டிருந்தார். அதற்காக அவருடைய வீட்டுக் கணினியில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். டிஸ்கைத் தோண்டும் வல்லுநர்கள் செய்யாததை வேறோரிடத்தில் இருந்த ஒரு நகல் செய்தது.

முதல் ஒரு மணி நேரம்

தவறு நேர்ந்தது தெரிந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. வரிசை மாறினால் வாய்ப்பும் குறையும்.

முதலில், அதே ஃபோல்டரில் நின்றபடி கன்ட்ரோலோடு இசட் அழுத்திப் பாருங்கள். சற்று முன் செய்த அழித்தலை விண்டோஸ் திருப்பிவிடும். அடுத்து ரீசைக்கிள் பின். அதற்கடுத்து, பெயரில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தேடுங்கள். ‘அழிந்தது’ என்று நினைக்கும் கோப்பு சில நேரம் மவுஸ் இழுத்த இழுப்பில் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்திருக்கும்.

இவற்றில் கிடைக்கவில்லையென்றால் அந்தக் கணினியை அணைத்துவிடுங்கள். மேகச் சேமிப்பின் தொட்டி, அனுப்பிய அஞ்சல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் போனிலோ வேறு கணினியிலோ பாருங்கள். கோப்பு அழிந்த கணினியிலேயே பிரவுசரைத் திறந்து தேடுவது, தேடும் பொருளின் மேலேயே எழுதுவதற்குச் சமம்.

நகல் எங்கும் இல்லை, கருவி ஹார்டு டிஸ்க் அல்லது மெமரி கார்டு என்றால் மட்டும் மீட்பு நிரலுக்கு வாருங்கள். நிரலைக் கோப்பு அழிந்த டிஸ்கில் இறக்கவே கூடாது. இன்றைக்கும் மிகப் பரவலாக நடக்கும் பிழை இதுதான். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, முடிந்தால் முதலில் டிஸ்க் முழுவதையும் ஒரு நகலாக எடுத்து, அந்த நகலின் மேல் வேலை செய்ய வேண்டும். டிஸ்க் ஆங்காங்கே படிக்க மறுத்தால் ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். மீட்டவற்றை எப்போதும் வேறொரு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும்.

டிஸ்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் எந்த நிரலையும் ஓட்டாதீர்கள். அது அழித்தலின் சிக்கல் இல்லை, இயந்திரக் கோளாறு. படிக்கும் தலை தட்டை உரசிக்கொண்டிருந்தால் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தரவைச் சுரண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற பழைய யோசனை ஈரத்தை உள்ளே கொண்டுபோய் நிலைமையைக் கெடுக்கும். டிஸ்கைத் திறப்பது தூசியற்ற அறை உள்ளவர்களின் வேலை.

எதை நம்புவது, எதற்குப் பணம் கொடுப்பது

சந்தையில் மீட்பு நிரல்களுக்குக் குறைவில்லை. ரெகுவா எளியது. டெஸ்ட்டிஸ்க், அழிந்த பார்ட்டிஷனைத் திரும்பக் கொண்டுவரும். 2020-இல் மைக்ரோசாஃப்டே விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்ற இலவச நிரலை வெளியிட்டது. கட்டளை தட்டிப் பயன்படுத்த வேண்டியது என்பதால் பலரும் அதைத் தொடுவதில்லை. கட்டண நிரல்கள் காட்சியில் அழகாக இருக்கும், சில சிக்கலான சூழல்களில் மேலாகவும் வேலை செய்யும். ஆனால் மேலே எழுதப்பட்ட தரவையோ டிரிம் ஆன தரவையோ எந்த விலைக்கும் எந்த நிரலாலும் கொண்டுவர முடியாது. ‘நூறு சதவீத மீட்பு’ என்று எழுதியிருந்தால் அதை விளம்பரமாக மட்டுமே படிக்க வேண்டும். நல்ல கட்டண நிரல்கள் வாங்குவதற்கு முன்பே முன்னோட்டம் காட்டும். உங்கள் படம் முன்னோட்டத்தில் திறந்தால் பணம் கொடுங்கள். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

கடைக்குக் கொண்டுபோனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலில் டிஸ்கை முழு நகல் எடுத்துவிட்டுத்தான் வேலை செய்வீர்களா? கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம்? மீட்ட தரவின் நகலை உங்கள் கணினியிலிருந்து எப்போது அழிப்பீர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர். குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் அந்த டிஸ்கில் இருக்கின்றன என்பதால் மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அதே உண்மையின் மறுபக்கம்

அழித்தது எளிதில் அழிவதில்லை என்ற இயல்பு நமக்கு எதிராகவும் திரும்பும். 2003-இல் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் வெளியிட்ட ஆய்வில், பழைய பொருள் சந்தையில் வாங்கிய 158 ஹார்டு டிஸ்குகளில் 129 வேலை செய்தன. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்களும் தனிப்பட்ட கடிதங்களும் கிடந்தன. விற்றவர்களில் பலர் தாம் எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகவே நம்பியிருப்பார்கள். பழைய கணினியை விற்கும் வீடு, குவிக் ஃபார்மட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. விஸ்டா முதல் விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்கெங்கும் சுழி எழுதும். இன்றைய ஹார்டு டிஸ்குக்கு அப்படி ஒருமுறை எழுதினாலே போதும். தேவைப்படும்போது கிடைக்காத தரவு, வேண்டாத கைகளில் கிடைக்கும் தரவு என்ற இரண்டு துன்பங்களும் டெலீட் செய்யும் வேலையைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் வருகின்றன.

முடிவு

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பொறுப்போடு பதில் சொல்லலாம். மீட்க முடியுமா என்பது எந்த நிரல் என்பதைவிட எந்தக் கருவி, அழித்த பின் என்ன நடந்தது, நகல் எங்காவது இருக்கிறதா என்ற மூன்றையே பொறுத்தது. முதல் இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு நமக்குப் பாதகமாகச் சாய்ந்துகொண்டிருக்கின்றன. மூன்றாவது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் கிராக் பரப்பிய 3-2-1 விதி வீட்டுக்கும் பொருந்தும்: மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, ஞாயிறுதோறும் இணைத்து நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள். கழற்றாமல் விட்டால் வைரஸும் தவறான டெலீட்டும் அதையும் சேர்த்துக்கொண்டு போகும். இன்னொரு நகல் மேகச் சேமிப்பிலோ ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டிலோ இருக்கட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது என்பதற்கு பிக்ஸாரின் அனுபவமே சாட்சி.

நம் பள்ளிகளும் கல்லூரிகளும் வேர்டும் எக்ஸெலும் கற்றுத் தருகின்றன. நகல் எடுப்பதை ஒரு பாடமாகக் கற்றுத் தருவதில்லை. ஆய்வேடு எழுதும் ஒவ்வொரு மாணவரிடமும் முதல் நாளே நெறியாளர் கேட்க வேண்டிய கேள்வி, “இதன் இரண்டாவது நகல் எங்கே இருக்கிறது?” என்பது. வீட்டில் படங்களையும் பத்திரங்களையும் கணினியில் சேர்ப்பவரிடம் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. அழிந்த பிறகு கேட்டால் அது வேதனையான கேள்வி. இந்த வாரமே கேட்டால் அரை மணி நேர வேலையில் அதற்குப் பதில் கிடைத்துவிடும்.